இடம் இருக்கிறது, ஆனால் இடமில்லை!

கணினி நினைவகத்தில் எந்த நிரலுக்கு எந்த இடம் என்ற வழக்கு அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. அதில் தூத்துக்குடித் துறைமுகத்தின் சாட்சியம் முக்கியமானது.

விளாத்திகுளம், புதூர், வேம்பார் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வெகுகாலம் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. 2021-இல் அறநிலையத் துறை விளாத்திகுளத்திலேயே ஒரு கலை அறிவியல் கல்லூரியைத் திறந்தது. ஊரில் படித்தாலும் வெளியூரில் படித்தாலும், 'ஆபரேட்டிங் சிஸ்டம்' பேப்பரில் ஒரு கணக்கிலிருந்து யாருக்கும் தப்பில்லை. கேட் தேர்வு எழுதுகிறவர்களையும் அது விடுவதில்லை.

கணக்கு இப்படிப் போகும். நினைவகத்தில் மூன்று காலியிடங்கள். வரிசையாக 150, 400, 250 கே.பி. மூன்று நிரல்கள் வருகின்றன: முதலாவதற்கு 230, இரண்டாவதற்கு 380, மூன்றாவதற்கு 140. யாரை எங்கே உட்கார வைப்பீர்கள்?

விடை எழுத மூன்று வழிகள் சொல்லித் தருவார்கள். முதலில் கண்ணில் படுகிற, கொள்ளக்கூடிய இடத்தில் தூக்கிப் போடுவது ஃபர்ஸ்ட் ஃபிட். எல்லா இடத்தையும் பார்த்து, மிச்சம் ஆகக் குறைவாக விழும் இடத்தில் வைப்பது பெஸ்ட் ஃபிட். இருப்பதிலேயே பெரிய இடத்தில் வைத்து, மிச்சமும் பெரிதாகவே இருக்கட்டும் என்று விடுவது வொர்ஸ்ட் ஃபிட். போட்டுப் பாருங்கள். ஃபர்ஸ்ட் ஃபிட்டில் 230 போய் 400-இல் உட்கார்ந்துவிடும், 170 மிச்சம், 380 வெளியே நிற்கும். வொர்ஸ்ட் ஃபிட்டிலும் அதே கதி. பெஸ்ட் ஃபிட்டில் 230-க்கு 250, 380-க்கு 400, 140-க்கு 150 என்று மூவருக்கும் இடம் கிடைத்துவிடும். "ஆகவே பெஸ்ட் ஃபிட்டே சிறந்தது" என்று கடைசி வரி எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம். பெயரிலேயே 'பெஸ்ட்' இருக்கும்போது யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சந்தேகப்பட வேண்டும். எண்களைக் கொஞ்சம் மாற்றினால் தீர்ப்பு புரண்டுவிடும். காலியிடங்கள் 90, 80. கேட்பவை 60, 70, 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஸ்ட் ஃபிட் 60-ஐ 80-இல் வைக்கும், 70-ஐ 90-இல் வைக்கும். இரண்டு பக்கமும் இருபது இருபது மிச்சம். 25 வந்து நிற்கும்போது மொத்தம் 40 காலி, ஆனால் இடமில்லை. யோசிக்காமல் முதல் இடத்தில் போட்ட ஃபர்ஸ்ட் ஃபிட்டில் 60 போய் 90-இல் உட்காரும், 70 போய் 80-இல் உட்காரும், மிஞ்சிய முப்பதில் 25 தாராளமாக நுழைந்துவிடும்.

எண்களை இப்படி மாற்றி விளையாடுவது சின்ன விஷயம். அந்தத் தேர்வுக் கணக்கில் எனக்குள்ள பெரிய குறை வேறு. அதில் எல்லாரும் வருகிறார்கள், ஒருவரும் போவதில்லை. நினைவகத்தில் உள்ள தொல்லை முழுவதும் போகிறவர்களால் வருவது.

நூறு அலகு நினைவகத்தில் பத்துப் பத்தாகப் பத்து நிரல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஐந்து முடிந்து போகின்றன. முதல் ஐந்தும் போனால் ஐம்பது அலகு ஒரே வெளியாகக் கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்று போனால்? அதே ஐம்பதுதான், ஆனால் ஐந்து பொந்துகளாக. இருபது அலகு கேட்டு ஒருவன் வந்தால்கூட வைக்க இடமில்லை. உட்கார வைத்த விதம் இரண்டிலும் ஒன்றே. போன விதம் மட்டுமே வேறு. இப்படிக் காலியிடம் சிதறிப்போவதற்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'எக்ஸ்டர்னல் ஃப்ராக்மென்டேஷன்', வெளிச்சிதறல்.

பங்கு போட்ட காலம்

1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்னும் இயங்குதளம் இந்தச் சிக்கலை இரண்டு விதமாகக் கையாண்டது. எம்எஃப்டி என்ற வடிவத்தில் நினைவகத்தை முன்கூட்டியே பங்கு பிரித்து வைத்துவிடுவார்கள். சின்ன வேலை பெரிய பங்கில் உட்கார்ந்தால் மிச்சம் வீண். எம்விடி என்ற வடிவத்தில் கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுப்பார்கள். வீண் குறைந்தது, சிதறல் வந்து சேர்ந்தது. குடியிருப்பவர்களை நகர்த்தி ஒரு பக்கமாக ஒதுக்கவும் வழியில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் தரவு எங்கே இருக்கிறது என்பதை நேரடி முகவரியாகக் குறித்து வைத்திருக்கும்; நகர்த்தினால் அத்தனை முகவரியும் பொய்யாகிவிடும்.

சென்னை ஐஐடியில் 1973-இல் கம்ப்யூட்டர் மையம் தொடங்கியபோது வந்து இறங்கியது இதே குடும்பத்து வாரிசு, ஐபிஎம் 370/155. 1970-இல் ஐபிஎம் அந்த மாதிரியை அறிவித்தபோது நிரலின் முகவரிகளை வன்பொருளே மாற்றிக் காட்டும் மெய்நிகர் நினைவக வசதி அதில் கிடையாது. பிறகுதான் தனிப் பெட்டியாக அதைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. ஒரு வேலைக்கு எத்தனை கே.பி. வேண்டும் என்பதைப் பயனரே முன்கூட்டி எழுதித் தரும் வழக்கம் அந்தத் தலைமுறைக் கணினிகளோடு வந்தது. இன்று பத்து ஜி.பி. விழுங்கும் பிரவுசரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற மூத்தவர்களுக்கு அந்தக் கணக்கு நினைவிருக்கும்.

பெஸ்ட் ஃபிட்டுக்கு முதல் அடி கொடுத்தவர் டானல்ட் குனுத். 1968-இல் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' முதல் தொகுதியில், வருவதும் போவதுமாக இருக்கும் நினைவகத்தைக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்து எழுதினார். ஒவ்வொரு முறையும் மிச்சம் ஆகக் குறைவாக விழும்படி வைத்தால் என்ன மிஞ்சும்? யாருக்கும் உதவாத தூள்கள். பெஸ்ட் ஃபிட்டின் கெட்டிக்காரத்தனமே அதன் நோய் என்பது அவர் கண்டது. அதோடு இன்னொரு கணக்கும் சொன்னார்: வருகையும் போக்கும் ஒரு நிலைக்கு வந்தபின், குடியிருக்கும் துண்டுகள் நூறு என்றால் நடுவில் சுமார் ஐம்பது ஓட்டைகள் இருக்கும். இதற்கு 'ஐம்பது சதவீத விதி' என்று பெயர்.

ஃபர்ஸ்ட் ஃபிட்டும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தேடுவதால் தொடக்கப் பகுதியில் பொடித் துண்டுகள் குவிந்து, தேடும் நேரம் கூடும். விட்ட இடத்திலிருந்து தேடலாமே என்று வந்தது நெக்ஸ்ட் ஃபிட். அது வேகமாகத் தேடும், ஆனால் நினைவகம் முழுக்கப் பரவலாகச் சிதறடிக்கும். ஃபர்ஸ்ட் ஃபிட், பெஸ்ட் ஃபிட் இரண்டையும் விட அது மோசம் என்று கார்ட்டர் பேய்ஸ் 1977-இல் காட்டினார். அதே ஆண்டு ஜே.எம். ராப்சன் கணித முறையில் ஒரு கணக்கைப் போட்டார். ஆகக் கெட்ட நேரத்தில், கேட்கப்படும் மிகப் பெரிய துண்டு 1024 அலகு என்றால், உண்மையில் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு நினைவகம் ஃபர்ஸ்ட் ஃபிட்டுக்கு வேண்டியிருக்கும். பெஸ்ட் ஃபிட்டுக்கோ ஆயிரம் மடங்கு வரை போகலாம். வொர்ஸ்ட் ஃபிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய இடங்களையெல்லாம் முதலிலேயே கரைத்துவிடும். தேர்வுத் தாளுக்கு வெளியே அதற்கு அவ்வளவாக வேலை கிடைக்கவில்லை.

ஆக, கேட்கும் அளவும் போகும் நேரமும் தாறுமாறாக இருக்கும்வரை, எந்த முறையும் முழுசாகக் காப்பாற்றாது. நகர்த்தவே கூடாது என்ற நிபந்தனை இருந்தால், எவ்வளவு புத்திசாலியான முறையையும் மண்ணைக் கவ்வ வைக்கும் ஒரு வருகை வரிசையை உருவாக்க முடியும் என்பதையும் ராப்சன் நிறுவியிருக்கிறார்.

துறைமுகத்துக்கு வருவோம்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலை 11-இல். அதற்கு முன் பெரிய கப்பல்கள் ஆழம் போதாமல் கரைக்கு மைல்கணக்கில் தள்ளி நங்கூரமிடும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். உப்பு மூட்டை, பஞ்சுப் பொதி, பீப்பாய், மரம் என்று ஒவ்வொன்றும் ஒரு அளவு, ஒரு வடிவம். கப்பலின் அடித்தளத்தில் இவற்றை அடுக்குவது தனி வித்தை. எங்கே காலி இருக்கிறதோ அங்கே திணித்தால் ஆகாது. முதல் துறைமுகத்தில் இறங்க வேண்டியது அடியில் கிடந்தால், மேலே உள்ளதையெல்லாம் இறக்கி, இதை எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே அடுக்குகிறவன் சரக்கின் அளவை மட்டும் கேட்க மாட்டான், "எங்கே இறங்குது?" என்றும் கேட்பான்.

இந்த அளவுச் சிக்கலை உலகம் முழுவதும் தீர்த்தது கன்டெய்னர். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளியின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பிறகு அளவுகள் சர்வதேசத் தரமாயின: இருபது அடி, நாற்பது அடி. உள்ளே மிளகாய் வற்றலா, பனியனா, தீப்பெட்டியா என்பது கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பெட்டி போனாலும் அந்த இடத்தில் எந்தப் பெட்டியும் உட்காரும்.

கணினியிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே தீர்வு வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கணினி 1962 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் நினைவகம் 512 சொற்கள் கொண்ட சமமான பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு நிரலின் பக்கங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று இங்கே, ஒன்று அங்கே கிடக்கலாம். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வன்பொருளே பார்த்து, நிரலுக்கு எல்லாம் வரிசையாக இருப்பதுபோல் காட்டிவிடும். 'பேஜிங்' என்ற இந்த முறைக்குப் பிறகு வெளிச்சிதறல் ஒழிந்தது என்று பாடப்புத்தகங்கள் எழுதும். கடைசிப் பக்கத்தில் சராசரியாகப் பாதி வீணாகும். அது தாங்கக்கூடிய நஷ்டம்.

ஆனால் தூத்துக்குடி கன்டெய்னர் யார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெட்டிகள் ஒரே அளவானதால் கவலை தீர்ந்துவிடவில்லை. இங்கிருந்து பல பெட்டிகள் சிறு கப்பல்களில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பல் மாறுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய யார்டில், நாளை போக வேண்டிய பெட்டிமேல் அடுத்த வாரம் போக வேண்டியது உட்கார்ந்திருந்தால், மேலே உள்ளதை எடுத்து வேறிடத்தில் வைத்த பிறகே கீழே உள்ளது அசையும். கிரேனின் நேரமும் டீசலும் போகும். வருமானம் ஒரு காசு வராது. அளவுச் சிக்கல் தீர்ந்தபின் மிஞ்சியது போகும் நேரச் சிக்கல் மட்டும். யார்டு திட்டமிடுகிறவர் எந்தக் கப்பல், எந்த ஊர், என்ன எடை என்று பார்த்துப் பெட்டியை வைக்கிறார். கணினிக்காரர்கள் இதே பாடத்தைப் படித்துத் தேற இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

அரசு மடிக்கணினியில் நண்பர்கள் முறை

தமிழ்நாடு அரசு 2011-இல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. முதல் சுற்று இயந்திரங்களில் 2 ஜி.பி. நினைவகம். விண்டோஸோடு 'பாஸ்' என்னும் லினக்ஸும் அதில் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, 2007-இல் முதலில் வெளிவந்தது. கரிசல் காட்டு ஊர்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. பாஸைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம் என்பது வேறு கதை. திறந்தவர்களின் மடியில், அவர்களுக்குத் தெரியாமலே, ஒரு நோபல் பரிசுக்காரரின் யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற பெயரைப் பங்குச் சந்தைக்காரர்கள் அறிவார்கள். எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் போடாதே என்பதைக் கணிதமாக்கி 1990-இல் பொருளாதார நோபல் பெற்றவர். அவரே 1963-இல், சிம்ஸ்கிரிப்ட் என்ற மொழிக்காக, நினைவகத்தைப் பங்கிடும் 'பட்டி' முறையைப் பயன்படுத்தினார். 1965-இல் பெல் ஆய்வகத்தின் கென்னத் நோல்டன் அதை விளக்கி வெளியிட்டார். பட்டி என்றால் நண்பன். நினைவகத்தை இரண்டு இரண்டாக மட்டுமே வெட்டுவது இதன் விதி. வெட்டிய இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று நண்பர்கள். ஒரு பாதி காலியானதும் நண்பன் காலியா என்று மட்டும் பார்த்தால் போதும். காலி என்றால் சேர்ந்து பழைய முழுத்துண்டாகிவிடும். நண்பனின் முகவரியை ஒரே ஒரு பிட்டைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடலாம். தேடல் அலைச்சல் இல்லை. லினக்ஸின் மையக்கருவான கர்னல் இன்றும் பக்கங்களை இப்படித்தான் பங்கிடுகிறது. சாதாரண பிசியில் 4 கே.பி.யில் தொடங்கி, இரட்டித்து இரட்டித்து 4 எம்.பி. வரை பதினொரு வரிசைகள்.

எல்லாம் சமமான பக்கங்கள் என்றான பிறகு தொடர்ச்சியான துண்டு எதற்கு? நியாயமான கேள்வி. சில வன்பொருள்கள் அட்டவணையைப் பார்க்காமல் நேராக நினைவகத்தில் எழுதும். அவற்றுக்குத் தொடர்ச்சியான இடம் வேண்டும். பெரிய நிரல்களுக்கு 4 கே.பி. பக்கங்களாகக் கொடுத்தால் அட்டவணை பெருத்து வேகம் குறையும், 2 எம்.பி. பெரும்பக்கமாகக் கொடுத்தால் ஓட்டம் கூடும். அதற்கு 512 பக்கங்கள் அடுத்தடுத்து, சரியான எல்லையில், காலியாக இருக்க வேண்டும். பல நாள் அணைக்காமல் ஓடும் கணினியில் நினைவகம் பாதி காலியாக இருந்தும் இப்படி ஒரு துண்டு கிடைக்காமல் போகும். ஒழிந்தது என்று பாடப்புத்தகம் எழுதிய நோய், கர்னலுக்குள் உயிரோடிருந்தது.

அயர்லாந்துக்காரரான மெல் கோர்மன் இதற்குச் செய்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அவர் துண்டின் அளவைப் பார்க்கவில்லை. யார் எப்படிப் போவார்கள் என்று கேட்டார். சில பக்கங்களைக் காலி செய்ய வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றி அட்டவணையைத் திருத்தினால் போதும். சாதாரண நிரல்களின் பக்கங்கள் இந்த ரகம். சிலவற்றைக் கேட்டால் விட்டுக்கொடுக்கும். கர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்த சில பக்கங்களோ அசையவே அசையாது. 512 பக்கம் கொண்ட ஒரு பகுதியில் அசையாத பக்கம் ஒன்றே ஒன்று நடுவில் உட்கார்ந்தாலும் பகுதி முழுவதும் பெரும்பக்கத்துக்கு உதவாது. ஆகவே அசைபவர்களை ஒரு பகுதியிலும் அசையாதவர்களை வேறு பகுதியிலும் முதலிலிருந்தே பிரித்து வைக்க வேண்டும். 2008 தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 2.6.24-இல் இது சேர்ந்தது. 2010-இல் வந்த 2.6.35-இல், அசைபவர்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வெளி உண்டாக்கும் வசதியும் வந்தது. எம்விடி காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது அது.

பெஸ்ட் ஃபிட் வழக்குக்கும் மேல்முறையீட்டில் வேறு தீர்ப்பு வந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பால் வில்சனும் மார்க் ஜான்ஸ்டனும் 1990-களில் பழைய ஆய்வுகளைக் கிளறினார்கள். குனுத் முதலானோர் எடுத்துக்கொண்ட வருகையும் போக்கும் குலுக்கல் சீட்டுப் போலத் தற்செயலானவை. உண்மையான நிரல்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு வேலைக்காகச் சேர்ந்து வந்த துண்டுகள் அந்த வேலை முடிந்ததும் சேர்ந்தே போகின்றன. எட்டு நிஜ நிரல்களின் பதிவுகளை வைத்து 1998-இல் அவர்கள் அளந்தபோது, நல்ல முறைகளில் சிதறல் ஏறக்குறைய ஒன்றுமேயில்லை என்று தெரிந்தது. தேறியவற்றில் பெஸ்ட் ஃபிட் உண்டு. முகவரி வரிசைப்படி தேடும் ஃபர்ஸ்ட் ஃபிட்டும் உண்டு. முப்பது ஆண்டு அவப்பெயருக்குக் காரணம் முறையில் இருந்ததைவிடப் பரிசோதனையில் அதிகம் இருந்தது.

அந்தப் பழைய ஃபர்ஸ்ட் ஃபிட்டின் சாயல் பிறகு நம் சட்டைப் பைக்கே வந்தது. ஜேசன் எவன்ஸ் 2005-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதிய ஜெமாலாக் என்னும் பங்கீட்டு நிரல், துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு அளவிலும் கூடியவரை தொடக்கப் பக்கத்திலிருந்தே நிரப்பும். கடைசிப் பக்கம் காலியாகவே இருந்தால் இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் அல்லவா? டேப்களை மூடினாலும் நினைவகம் குறையாத தொல்லையோடு போராடிய ஃபயர்ஃபாக்ஸ், 2008-இல் மூன்றாம் பதிப்பில் இதை எடுத்துக்கொண்டது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் செல்போன்களுக்கும் வந்தது.

ஆனால் ஒழுங்காக நிரப்புகிறவனை முன்கூட்டி ஊகிக்கலாம். ஒரு துண்டு காலியானதும், அதே அளவு கேட்கும் அடுத்தவனுக்கு அந்த இடமே கிடைக்கும் என்பது தெரிந்தால் திருடனுக்கு வசதி. ஒரு செயலி விட்டுப்போன இடத்தின் முகவரியைத் தவறுதலாகக் கையில் வைத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் தன் தரவு வந்து உட்காரும்படி திருடன் செய்துவிட்டால், செயலி அதைத் தன்னுடையது என்றே நம்பிப் படிக்கும். ஃபோன்களுக்குள் புகுந்த பல தாக்குதல்களின் வழி இது.

2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இல் கூகுள் பங்கீட்டு நிரலை மாற்றியது. ஸ்கூடோ என்ற புதியது, எந்தத் துண்டு யாருக்கு என்பதை வேண்டுமென்றே குலுக்கிப் போடுகிறது. சிறந்த இடமா, முதல் இடமா என்ற கேள்வியோடு, யாரும் ஊகிக்க முடியாத இடமா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு சிறு அடையாளக் குறிப்பை வைத்து, அது கலைந்திருந்தால் செயலியையே நிறுத்திவிடுகிறது. இதற்கெல்லாம் கொஞ்சம் நினைவகம் செலவாகும். அதனால் நினைவகம் குறைந்த மலிவு ஃபோன்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்: அவற்றில் ஜெமாலாக்கே தொடர்ந்தது.